கற்பூர மரம் முதல் காட்டு அட்டை வரை: கெப்போங் வனநடைக் கேள்வி பதில்

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்த நாள்களில் மாணவர்களுக்காகத் தொடங்கிய வனநடை, நான் ஓய்வுபெற்ற பிறகு பெரியவர்களுக்கும் உரியதாகிவிட்டது. கோலாலம்பூரை அடுத்த கெப்போங் வன ஆய்வுக் கழகத்திலும் நகர நடுவில் உள்ள புக்கிட் நானாஸ் காட்டிலும் அண்மையில் என்னுடன் நடந்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விலங்கு, செடி, மரம் குறித்து எதையும் கேட்கலாம். நுழைவுச்சீட்டு, வாகன நிறுத்துமிடம் போன்றவற்றை அந்தந்த இடத்து அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

செந்தூல் வாசகி: டீச்சர், இரவு நடையில் மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த விலங்கை ஒருவர் பறக்கும் அணில் என்றார், இன்னொருவர் வௌவால் என்றார். எது சரி?

இரண்டும் இல்லை. மலாய் மொழியில் குபோங் என்று அழைக்கப்படும் விலங்கைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். பறக்கும் அணிலுக்குத் தோல் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில்தான் முக்கியமாக விரியும். குபோங்குக்கோ கழுத்திலிருந்து விரல் நுனிக்கும், அங்கிருந்து பின்காலுக்கும், பின்காலிலிருந்து வால் நுனிக்கும் உடலைச் சுற்றி ஒரே போர்வையாக விரிகிறது. வௌவாலைப் போல் இறக்கை அடித்துப் பறக்க அதனால் இயலாது. உயரத்திலிருந்து பாய்ந்து, காற்றில் சறுக்கியபடியே அடுத்த மரத்தைச் சென்றடையும்; ஒரே பாய்ச்சலில் 100 மீட்டருக்கு மேல் கடக்கவும் வல்லது. தாயின் வயிற்றைக் குட்டி பற்றிக்கொண்டிருக்கும்போது அத்தோலே மடிந்து தூளியாகிவிடும். மரபணு ஆய்வுகள் இவ்விலங்கை அணிலுக்கும் வௌவாலுக்கும் அருகில் வைக்கவில்லை. குரங்குகளும் மனிதர்களும் அடங்கிய வரிசைக்கே மிக நெருங்கிய உறவாக வைக்கின்றன.

ஒரு வேண்டுகோள். அன்று சிலர் அதன் கண்ணுக்கு நேராக விளக்கைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். இருட்டில் வாழும் விலங்கின் கண் அந்த வெளிச்சத்தில் கூசிப்போகும். விளக்கைச் சற்றுத் தாழ்த்திப் பிடியுங்கள். படம் எடுக்கும்போது பளிச்சொளி வேண்டாம்.

பெட்டாலிங் ஜெயா வாசகர்: காட்டு அட்டை கடித்தால் உப்புத் தூவலாமா, நெருப்பு வைக்கலாமா?

இரண்டையும் செய்யாதீர்கள். உப்பு, நெருப்பு, எண்ணெய் எது பட்டாலும் அட்டை தன் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். தொற்று வருவதற்கு அதுவே வழி. மெலிந்த முனையில்தான் வாய் இருக்கிறது. விரல் நகத்தைத் தோலோடு ஒட்டிவைத்து அந்த முனையைப் பக்கவாட்டில் நெம்பினால் பிடி விட்டுவிடும். பிறகு தடித்த முனையையும் அவ்வாறே எடுத்துவிடலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அட்டை செலுத்தியிருப்பதால் சிறிது நேரம் கசியும். துணியால் அழுத்திப் பிடித்திருந்தால் போதும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடை தொடங்கும் முன்பே என்னிடம் சொல்லிவிட வேண்டும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை அணிந்தால் தரையில் ஊரும் பழுப்பு அட்டை ஏறாது; வரிகளோடு இலை நுனியில் காத்திருக்கும் புலி அட்டை இடுப்பளவிலும் ஏறும் என்பதால் சட்டையையும் உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

காஜாங் வாசகி: புக்கிட் நானாஸில் பால் வடியும் ஒரு பெரிய மரத்தைக் காட்டினீர்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி, அது பால்மரத்துக்குச் சொந்தம்தானே என்று கேட்கிறார்.

பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பால் இருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவு இல்லை. அது ஜெலுத்தோங், அரளிக் குடும்பத்து மரம், நம் காட்டிலேயே பிறந்தது. அவர் வெட்டிய பால்மரம் ஆமணக்குக் குடும்பம். பிரேசிலில் பிறந்து, 1876இல் இலண்டன் கியூ தோட்டத்துக்கு விதையாகவும், மறு ஆண்டு சிங்கப்பூருக்குக் கன்றாகவும் வந்து, பிறகு நம் வாழ்வோடு கலந்தது. ஜெலுத்தோங்கின் பாலையும் ஒரு காலத்தில் எடுத்தார்கள். மென்று துப்பும் சூயிங்கம் செய்ய அது ஏற்றுமதியாயிற்று. புக்கிட் நானாஸ் 1906ஆம் ஆண்டிலேயே காப்புக்காடாக்கப்பட்டதால்தான் நகரத்தின் நடுவில், கோலாலம்பூர்க் கோபுரத்தின் காலடியில், அம்மரங்கள் இன்றும் நிற்கின்றன. பாட்டியால் நடக்க முடியுமானால் அழைத்து வாருங்கள், மெதுவாகவே போகலாம்.

ரவாங் வாசகர்: பத்துமலையில் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கம். அனுமனுக்குச் செய்யும் தொண்டு என்பார் என் தாயார். கெப்போங்கிலும் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். உங்கள் தாயாரின் பக்தியை மதித்தே இதைச் சொல்கிறேன். பத்துமலையில் நீங்கள் பார்ப்பது கெரா எனப்படும் நீண்டவால் குரங்கு. கையில் பையைக் கண்டால் பறிக்கலாம் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். ஆனால் அது கடித்தபின் பிடித்துக்கொண்டு போவது அதைத்தான். எங்கும் மலிந்து கிடப்பதாக நாம் நினைக்கும் இவ்வினத்தைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. கெப்போங்கில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு இலை மேயும் குரங்கு வேறு. நம் பழம்பாடல்களில் முசு என்று வரும் கருமுகக் குரங்குக்கு அது உறவு. பிறக்கும்போது குட்டி பொன்னிறமாக இருக்கும். சில மாதங்களில் தாயின் சாம்பல் நிறம் ஏறிவிடும். மாட்டைப் போலப் பல அறைகளாகப் பிரிந்த இரைப்பையில் நுண்ணுயிர்களைக் கொண்டு இலையை நொதிக்கவைத்து அது செரிக்கிறது. அதற்குள் ரொட்டியும் இனிப்புப் பழமும் போனால் நொதிப்பு தறிகெட்டு வயிறு உப்பி, சாகவும் நேரும். உங்கள் தாயார் அதை நின்று பார்க்கட்டும், கும்பிடட்டும். உணவு மட்டும் வேண்டாம்.

கோலாலம்பூர் வாசகர்: ராஃப்ளேசியா பூவை உங்கள் நடையில் பார்க்க முடியுமா?

முடியாது. அதற்குப் பேராக் மாநிலத்தின் கோப்பேங், பெலும் காடுகளுக்குப் போக வேண்டும். இலை, தண்டு, வேர் எதுவுமின்றி ஒரு காட்டுக் கொடிக்குள்ளேயே வாழும் ஒட்டுண்ணி அது. மொட்டு முதிர ஏறத்தாழ 9 மாதம் ஆகும். மலர்ந்த பூ ஒரு வாரத்துக்குள் கறுத்துவிடும். ஆகவே அவ்வூர் வழிகாட்டியிடம் கேட்டுவிட்டே புறப்படுங்கள்.

அம்பாங் வாசகி: கெப்போங்கில் அண்ணாந்து பார்த்தபோது மர உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், இடையிடையே வானம் ஆற்றைப் போல் ஓடியது. ஏன் அப்படி? அந்த மரத்தின் பெயர் என்ன?

பல ஆண்டுகளாக நான் காத்திருந்த கேள்வி இது. அம்மரத்தின் மலாய்ப் பெயர் காப்பூர். அந்த இடைவெளியைக் கிளைகளின் கூச்சம் என்று சொல்லலாம். காற்றில் உரசி நுனிகள் ஒடிவதால்தான் இடைவெளி உண்டாகிறது என்று முன்பு கருதினார்கள். இதே கெப்போங் மரங்களை ஆராய்ந்த மலேசிய அறிவியலாளர் பிரான்சிஸ் இங், உரசலால் காயம்பட்ட அடையாளம் இல்லை என்று 1977இல் எழுதினார். பக்கத்து மரத்தை நெருங்கும்போது வெளிச்சம் குறைவதை வளர்நுனி உணர்ந்து நின்றுவிடுகிறது என்பது அவர் கருத்து. மற்ற நாடுகளில் வேறு மரங்களில் உரசலுக்குச் சான்று கிடைத்திருப்பதால், எல்லா மரத்துக்கும் ஒரே காரணம் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். நீங்கள் நின்ற அந்தக் காடு தானாக முளைத்ததன்று. ஈயம் தோண்டிப் பாழாக்கிய நிலத்தில் 1920களில் தொடங்கி ஒவ்வொரு கன்றாக நட்டு வளர்த்தது அது. 2025இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. நம் முன்னோர் கடல் கடந்து வந்து வாங்கிய கற்பூரம் இந்த இனத்து மரத்திலிருந்து கிடைத்ததுதான்.

கிள்ளான் வாசகர்: டீச்சர் சொல்வது தவறு. இருபது ஆண்டாகப் பூசைப் பொருள் கடை நடத்துகிறேன். கற்பூரம் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுவது.

நீங்கள் சொல்வதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. ஒரே பெயரில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. இன்று நாம் ஏற்றும் வில்லை பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுகிறது. அதற்கு முன் சீனாவிலும் ஜப்பானிலும் தைவானிலும் வளரும் கற்பூர மரத்தின் கட்டையைக் காய்ச்சி வடித்தார்கள். அது இலவங்கப்பட்டைக்கு உறவான மரம். இவ்விரண்டையும்விடப் பழையதும், பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்டதும் காப்பூர் மரத்தின் பிளவுகளில் படிகமாகக் கிடைத்தது. வேதியியலில் அதன் பெயர் போர்னியோல். கற்பூர மூலக்கூறைவிட இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கூடுதல், அவ்வளவே.

செராஸ் வாசகர்: மலாயில் காப்பூர் என்றால் சுண்ணாம்பு. வெறும் பெயர் ஒற்றுமையை வைத்து, தமிழர் இங்கே வந்து கற்பூரம் வாங்கினார்கள் என்று சொல்வது பெருமைக்காகச் சொல்வதாகாதா?

இக்கேள்வியை வரவேற்கிறேன். ஒலி ஒற்றுமை மட்டும் இருந்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து மறுத்திருப்பேன். ஆனால் மலாயில் கற்பூரத்துக்கு இன்றும் காப்பூர் பாரூஸ் என்றே பெயர். பாரூஸ் என்பது சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கும் துறைமுகம். உலகம் அதை அறிந்ததே கற்பூரத்தால்தான். அதன் அருகே லோபு துவா என்னும் இடத்தில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அதைப் பற்றி 1932இல் எழுதினார். ஐந்நூற்றுவர் எனும் வணிகக் குழுவினர் அங்கே கூடி, கப்பலில் வருவோர் கஸ்தூரியின் விலைக்கேற்பப் பொன் செலுத்த வேண்டும் என்று முடிவு செய்ததை அக்கல் சொல்கிறது. ஊரின் பெயரை வாரோசு என்று தமிழ் நாவுக்கேற்பக் குறிக்கிறது. நறுமணப் பொருள்களுக்கு விலைபேசிய தமிழ் வணிகர், கற்பூரத்துக்கே பெயர்பெற்ற ஊரில் குழுவாகவே தங்கியிருந்தார்கள் என்பதைப் பெருமைப் பேச்சு என்று ஒதுக்க முடியாது. கற்பூரம் என்ற சொல் எந்த மொழியில் முதலில் பிறந்தது என்பது வேறு வழக்கு. அதை மொழியறிஞர்களிடம் விட்டுவிடுவோம்.

சுங்கை பூலோ வாசகர்: அப்படியானால் கெப்போங் மரத்தைக் கொஞ்சம் கீறினால் கற்பூரம் வருமா?

வராது, கீறவும் கூடாது. பால்மரத்தைப் போல வெட்டியவுடன் வடியும் பொருள் அன்று அது. படிகம் எல்லா மரத்திலும் விளைவதில்லை. எதில் இருக்கிறது என்று வெளியிலிருந்து அறியவும் முடியாததால், தேடியவர்கள் மரத்தை அடியோடு வீழ்த்திப் பிளந்து பார்த்தார்கள். பல மரங்கள் வீணாகச் சாய்ந்தன. ஜொகூர்க் காட்டில் கற்பூரம் தேடிய பூர்வகுடி மக்கள் அந்நாள்களில் வழக்கமான பேச்சையே நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக வைத்திருந்த மாற்றுச் சொற்களால் மட்டுமே பேசுவார்கள்; தவறினால் மரம் கற்பூரத்தை மறைத்துவிடும் என்பது நம்பிக்கை. அம்மொழிக்குப் பந்தாங் காப்பூர் என்று பெயர். ஒரு மரத்தை அணுகுவதற்கு ஒரு மொழியையே தனியாக வைத்திருந்த மக்களின் நினைவாகவாவது கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

ஷா ஆலம் வாசகி: அட்டையை எடுக்க உப்புக் கொண்டு வரட்டுமா?

மேலே எழுதியிருக்கிறேன். உப்பு வேண்டாம், நகம் போதும்.

பூச்சோங் வாசகர்: தொங்காட் அலி வேரை நடையின்போது எடுத்துக்கொள்ளலாமா? எவ்வளவு சாப்பிட வேண்டும்?

எடுக்கக் கூடாது. மருந்தின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

பத்துமலை வாசகர்: எங்கள் மலையில் மிகப் பழமையான சிலந்தி இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. படியேறிக் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் இருட்டுக் குகையில் அது வாழ்கிறது. முதலில் அங்கே கண்டறியப்பட்டதால் அதன் அறிவியல் பெயரிலும் பத்து என்ற ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றச் சிலந்திகளின் வயிறு வழவழப்பாக இருக்கும். இதற்கோ தேளைப் போல மேற்புறத்தில் தட்டுத் தட்டாகப் பிரிந்திருக்கும். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிலந்திகளின் அமைப்பு அது. பாறைச் சுவரில் பட்டுக்கூடு கட்டி, கதவு வைத்து, வாசலிலிருந்து சில இழைகளை வெளியே நீட்டி வைக்கும். பூச்சியின் கால் இழையில் பட்டதும் கதவைத் திறந்து பாயும். 272 படி ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் இப்படி ஓர் உயிர் பக்கத்தில் இருப்பதை அறியாமலே போகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தேடிக்கொண்டு குகைக்குள் நுழைய வேண்டாம். குரங்குக்கு உணவும் வேண்டாம்.

டாமன்சாரா வாசகி: ராஃப்ளேசியா எப்போது பூக்கும்?

தயவுசெய்து மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கிள்ளான் வாசகர்: டீச்சர், பூசைக் கடைக்காரன்தான் மறுபடியும் எழுதுகிறேன். கல்வெட்டுச் செய்தி எனக்குப் புதிது. கீறாமலே அம்மரத்தில் கற்பூர வாசனையை அறிய வழி உண்டா?

உண்டு. அம்மரத்தின் இலையிலேயே மணம் இருக்கிறது. அடுத்த நடைக்கு வாருங்கள். மரத்தடியில் புதிதாக விழுந்து பச்சை மாறாமல் கிடக்கும் இலை ஒன்றை எடுத்துத் தருகிறேன். விரல்களுக்கிடையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். முதலில் மண்ணெண்ணெய் போலத் தோன்றும், பிறகுதான் கற்பூரம் தெரியும். இருபது ஆண்டுகள் கற்பூரத்தோடு பழகிய உங்கள் மூக்கு அதை என்னைவிட நன்றாக அறியும். உங்கள் கடையின் வில்லை ஒன்றையும் கொண்டு வாருங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.