ஆடியோ சோதனைக்கு எந்த சிக்னல் ஜெனரேட்டர்? கேள்வி-பதில்

கேள்வி: எக்ஸ்ஆர்2206 ஐசி உள்ள ஜெனரேட்டர் கிட் ஒன்றை வாங்கிச் சேர்த்தேன். டிஸ்டார்ஷன் (அலை உருக்குலையும் அளவு) 0.05 சதவீதம் என்று போட்டிருக்கும் ஆம்ப்பை அதில் சோதித்தால் 1 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது. ஆம்ப் பழுதா?

பதில்: ஆம்ப்பைச் சந்தேகிக்கும் முன் ஜெனரேட்டரை அளந்துவிடுங்கள். ஆம்ப்பைக் கழற்றிவிட்டு, ஜெனரேட்டர் வயரை நேராக அளக்கும் கருவியில் செருகுங்கள். அப்போதும் அதே 1 சதவீதம் வந்தால் ஆம்ப் மேல் குற்றமில்லை. இந்த ஐசி முக்கோண அலையின் முனைகளை மழுக்கித்தான் சைன் அலை ஆக்குகிறது. ட்ரிம் செய்யாவிட்டால் (திருகிச் சரிசெய்யாவிட்டால்) டிஸ்டார்ஷன் 2.5 சதவீதம் வரை போகும். ட்ரிம் செய்தால் 0.5 அளவுக்கு இறங்கும். மலிவு கிட்கள் பலவற்றில் 13, 14ஆம் கால்களுக்கு நடுவே நிலையான ரெசிஸ்டர் ஒன்றுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டு 500 ஓம் பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) போடுங்கள். 15, 16ஆம் கால்களுக்கு 25 கிலோஓம் பிரீசெட். 25 கிலோஓமை நடுவில் வைத்து, முதலில் 500 ஓமைத் திருகி டிஸ்டார்ஷனைக் குறையுங்கள். பிறகு 25 கிலோஓமைத் தொடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு செய்தும் கிடைப்பது 0.5 தான். அது உங்கள் ஆம்ப்பைவிடப் பத்து மடங்கு அழுக்கு. சிக்னல் எங்கே நின்றுபோகிறது என்று தேடவும், டோன் கண்ட்ரோல் வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இந்த கிட் போதும். டிஸ்டார்ஷன் அளக்க ஆகாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கலும் உண்டு. ஆம்ப்பின் இரண்டாம் ஹார்மோனிக் (இரட்டிப்பு அலைவரிசையில் சேரும் கலப்பு) 0.1 சதவீதம், ஜெனரேட்டருடையது 0.03 என்று வையுங்கள். இரண்டும் ஒரே ஃபேஸில் சேர்ந்தால் 0.13 காட்டும். எதிர் ஃபேஸில் வந்தால் 0.07 காட்டும். அதாவது அழுக்கான ஜெனரேட்டர், சுமாரான ஆம்ப்பை நல்ல ஆம்ப்பாகவும் காட்டிவிடும். அதனால் ஜெனரேட்டரின் டிஸ்டார்ஷன், அளக்கப்போகும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு என்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

கேள்வி: 0.1 ஹெர்ட்ஸ் துல்லியம் என்று விளம்பரம் செய்யும் டிடிஎஸ் (டிஜிட்டல் முறையில் அலையை உருவாக்கும்) ஜெனரேட்டர் வாங்கலாமா?

பதில்: அந்த 0.1 ஹெர்ட்ஸ் துல்லியம் இல்லை, எத்தனை சின்னப் படியில் மாற்றலாம் என்பதுதான். உண்மையான துல்லியத்தை உள்ளே இருக்கும் கிரிஸ்டல் தீர்மானிக்கிறது. பத்து லட்சத்துக்கு 50 பிழை உள்ள சாதாரண கிரிஸ்டல்கூட 1 கிலோஹெர்ட்ஸில் 0.05 ஹெர்ட்ஸ்தான் தவறும். ஆம்ப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டேப் டெக்கின் வேகம் பார்க்க 3150 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டேப் போடுகிறோம். அங்கேகூட 1 சதவீத வேகப் பிழை என்பது 31.5 ஹெர்ட்ஸ்.

நீங்கள் தேட வேண்டியவை வேறு இரண்டு வரிகள். முதலாவது டிஸ்டார்ஷன்: எத்தனை சதவீதம், எந்த லெவலில், எந்த அலைவரிசையில் என்று மூன்றும் சேர்த்து எழுதியிருக்கிறதா? இரண்டாவது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை லெவல் எவ்வளவு ஏறி இறங்குகிறது? 0.1 டெசிபெலுக்குள் நின்றால் நல்ல கருவி. ஏடி9833 போன்ற 10 பிட் சிப் உள்ள மலிவு போர்டுகளில் இந்த வரிகளே இருக்காது. அப்படிப்பட்டதை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: ஜெனரேட்டரில் 1 வோல்ட் வைத்தேன். மல்டிமீட்டர் 0.7 காட்டுகிறது. எது தப்பு?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே தப்பில்லை. நீங்கள் வைத்த 1 வோல்ட் உச்சிக்கு உச்சி அளவாக இருக்கும். மீட்டர் காட்டுவது ஆர்எம்எஸ் (அலையின் பயன்தரும் சராசரி அளவு). அந்தக் கணக்கில் 0.354 தானே வர வேண்டும், ஏன் 0.707 வந்தது? ஜெனரேட்டர் தன் வெளியே 50 ஓம் லோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அதன் உள்ளே 50 ஓம், வெளியே 50 ஓம் என்றால் பாதி வோல்ட் உள்ளேயே போய்விடும். அதை ஈடுகட்ட இரண்டு மடங்கு அனுப்புகிறது. மீட்டரும் 47 கிலோஓம் ஆம்ப் இன்புட்டும் அதற்கு லோடே இல்லை என்பதால் 2 வோல்ட் முழுதாக வந்துசேர்கிறது. அதன் ஆர்எம்எஸ்தான் 0.707. மெனுவில் அவுட்புட் லோடை ‘ஹை இசட்’ (லோடு இல்லாத நிலை) என்று மாற்றி, அலகை ஆர்எம்எஸ் ஆக்குங்கள். சென்சிட்டிவிட்டி (முழு பவருக்குத் தேவையான இன்புட் வோல்ட்) பாதியாகத் தெரிகிறது என்று ஆம்ப்பைப் பிரித்துப்போடுவதற்கு முன் இந்த மெனுவைப் பார்த்துவிடுங்கள்.

மீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். சாதாரண மீட்டரின் ஏசி அளவு பெரும்பாலும் 400 ஹெர்ட்ஸ் வரைதான் உத்தரவாதம். 10 கிலோஹெர்ட்ஸில் அது காட்டும் எண்ணை எழுதி வைக்காதீர்கள். லெவலை 100 ஹெர்ட்ஸில் மீட்டரால் வைத்துக்கொண்டு, மேலே போகப் போக ஸ்கோப்பில் (ஆசிலோஸ்கோப்) பாருங்கள்.

கேள்வி: லேப்டாப் சவுண்ட் கார்டு போதாதா?

பதில்: டிஸ்டார்ஷன் அளக்க, நல்ல யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் மலிவு ஃபங்ஷன் ஜெனரேட்டரைவிட எவ்வளவோ மேல். முதலில் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே செருகி, ஆர்இடபிள்யூ (REW) என்ற அளக்கும் மென்பொருளில் அளவெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் அதற்குக் கீழே அளக்க முடியாது. விண்டோஸில் ஒலி மேம்பாடுகள் எல்லாவற்றையும் அணைத்து, மென்பொருளிலும் கார்டிலும் ஒரே சாம்பிள் ரேட் வையுங்கள். லெவலை முழு அளவிலிருந்து 3 டெசிபெல் குறைத்தே ஓட்டுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஹம் தெரிந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டுங்கள். ஹம் போய்விட்டால் அது எர்த் லூப். ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்புட்டை நேராக இன்புட்டில் கொடுத்தால் கார்டு போய்விடும். நடுவில் ரெசிஸ்டர் டிவைடர் கட்டாயம். ஸ்கொயர் அலைக்கு மட்டும் சவுண்ட் கார்டு உதவாது. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுவதால் விளிம்பில் நெளிவு வரும். அதை ஆம்ப்பின் ரிங்கிங் என்று நினைத்து ஏமாறுவீர்கள்.

கேள்வி: சுத்தமான 1 கிலோஹெர்ட்ஸ் சைன் மட்டும் வேண்டும். நானே கட்டலாமா?

பதில்: தாராளமாக. வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டர் கட்டுங்கள். 1939இல் பில் ஹியூலெட் தன் முதல் கருவியில் செய்ததுபோல, சின்ன இழை பல்பு ஒன்றே லெவலைக் கட்டுப்படுத்தும். அலை பெரிதானால் இழை சூடாகி ரெசிஸ்டன்ஸ் ஏறும், கெயின் (பெருக்கம்) தானாக 3க்கு இறங்கும். 16 கிலோஓம் இரண்டு, 10 நானோஃபாரட் இரண்டு போட்டால் 995 ஹெர்ட்ஸ் வரும். ஐசிக்கு என்இ5532 போதும். பல்பு 28 வோல்ட், 40 மில்லிஆம்ப். ஃபீட்பேக்கில் 500 ஓம் பிரீசெட். கடையில் அதே அளவில் எல்இடி பல்பு கொடுத்துவிடுவார்கள். அது வேலை செய்யாது, இழை தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கெப்பாசிட்டர் இரண்டும் ஃபிலிம் வகையாக இருக்கட்டும். எக்ஸ்7ஆர் செராமிக் போட்டால் வோல்ட்டுக்கேற்ப அதன் மதிப்பு மாறி, அதுவே டிஸ்டார்ஷனைக் கொண்டுவரும். பிரீசெட்டை மெதுவாகத் திருகி, அலை தொடங்கி நிலைக்கும் இடத்தைச் சற்றே தாண்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை தொட்டபிறகும் சில விநாடி அலை ஊசலாடும், பொறுங்கள். 20 ஹெர்ட்ஸுக்கு இதையே மாற்றிக் கட்டினால் டிஸ்டார்ஷன் ஏறும். அந்த வேகத்தில் இழை ஒவ்வொரு சுற்றிலும் சூடாகி ஆறுவதுதான் காரணம்.

கேள்வி: போனோ (இசைத்தட்டு பிளேயருக்கான) பிரீஆம்ப்புக்கு 5 மில்லிவோல்ட் வேண்டும். ஜெனரேட்டரில் அவ்வளவு குறைத்தால் இரைச்சல்தான் வருகிறது.

பதில்: ஜெனரேட்டரில் குறைக்காதீர்கள். அதை அரை வோல்ட்டில் விட்டுவிட்டு, பிரீஆம்ப் முனையில் 10 கிலோஓம் சீரியலாகவும், 100 ஓம் தரைக்கும் போடுங்கள். நூறில் ஒரு பங்காகும். இரண்டையும் ஆர்சிஏ பிளக்கின் உறைக்குள்ளேயே சால்டர் செய்துவிட்டால் ஹம் ஏறாது. பிரீஆம்ப்பின் அவுட்புட்டில் 1 கிலோஹெர்ட்ஸை 0 என்று வைத்தால், இசைத்தட்டுக்கான ஆர்ஐஏஏ வளைவின்படி 20 ஹெர்ட்ஸில் 19.3 டெசிபெல் கூடவும், 20 கிலோஹெர்ட்ஸில் 19.6 குறையவும் வர வேண்டும்.

கேள்வி: டிபிஏ3116 ஆம்ப் போர்டில் ஸ்கோப் கிளிப்பை மாட்டியதும் போர்டு செத்துப்போனது. ஏன்?

பதில்: அது பிரிட்ஜ் அவுட்புட். ஸ்பீக்கரின் மைனஸ் முனையும் உயிருள்ள முனைதான், தரை இல்லை. ஸ்கோப்பின் தரைக் கிளிப் எர்த் வழியாக அதை ஷார்ட் செய்துவிட்டது. இரண்டு புரோபை இரண்டு முனைகளில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். தரைக் கிளிப்புகளை போர்டின் தரையில் மட்டும் மாட்டலாம்.

கேள்வி: 100 வாட் ஆம்ப்பில் 20 கிலோஹெர்ட்ஸ் முழு லெவலில் விட்டேன். அவுட்புட்டில் 10 ஓம் ரெசிஸ்டர் புகைந்தது.

பதில்: அது 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருடன் சேர்ந்த சோபெல் (ஆம்ப் தானாக ஊசலாடாமல் காக்கும்) ரெசிஸ்டர். 8 ஓமில் 100 வாட் என்றால் 28 வோல்ட். 20 கிலோஹெர்ட்ஸில் அந்தக் கெப்பாசிட்டர் 80 ஓம்தான், அதனால் ரெசிஸ்டரில் ஏறக்குறைய 1.2 வாட் எரிகிறது. அரை வாட் ரெசிஸ்டர் எப்படித் தாங்கும்? கருகியதை 2 வாட் வகையால் மாற்றுங்கள். வயர்வவுண்ட் வேண்டாம், அதன் சுருளே இண்டக்டன்ஸ் சேர்க்கும். முழு பவரை 1 கிலோஹெர்ட்ஸில் டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதிலான ரெசிஸ்டர்) மட்டும் சோதித்து, 20 கிலோஹெர்ட்ஸுக்குப் போகும்போது 10 வாட்டுக்கு இறக்கிவிடுங்கள். அப்போது அதே ரெசிஸ்டரில் 0.12 வாட்தான் எரியும்.