புத்தகத்தில் ஒரு விலை, கடையில் ஒரு விலை: நாணயக் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மனத்தாங்கல்தான்: “நாணயக் கேட்லாக்கில் (விலைப் பட்டியல் புத்தகத்தில்) போட்டிருக்கிற விலையைக் கடைக்காரர் தரமாட்டேன் என்கிறார்.” அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாட்டி வைத்திருந்த 1882 விக்டோரியா ஒரு ரூபாய். கேட்லாக்கில் ‘எக்ஸ்எஃப்’ (அதிகம் தேயாத தரம்) பத்தியில் நல்ல விலை இருக்கிறது. கடையில் அதில் கால்வாசிதான் தருகிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (ஈரோடு)

ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விக்டோரியா ரூபாயில் முதலில் தேய்வது கன்னமும், காதுக்கு மேலே உள்ள தலைமுடியும். அடுத்தது உடையின் பூவேலை. உங்கள் காசில் முடி இழைகள் ஒன்றாகி வழவழப்பாகிவிட்டன. பூவேலை பாதிதான் தெரிகிறது. இது எக்ஸ்எஃப் இல்லை. தாராளமாகச் சொன்னாலும் அதற்கு ஒரு படி கீழே உள்ள விஎஃப். சொந்தக் காசுக்கு ஒரு படி கூட்டி மார்க் போடாத சேகரிப்பாளரை நான் பார்த்ததில்லை, நான் உள்பட.

இன்னும் இரண்டு சங்கதி உண்டு. விளிம்பின் மேல்பக்கம் ஒரு தழும்பு தெரிகிறது. காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்திருந்து, பிறகு எடுத்திருக்கிறார்கள். அதோடு காசு பளபளவென்று இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் புளி போட்டு விளக்கியிருப்பீர்கள். கேட்லாக் விலை எல்லாமே வளையம் வைக்காத, ஓட்டை போடாத, தேய்த்துக் கழுவாத காசுக்கு. குறையுள்ள காசுக்குத் தனிப் பத்தி எதிலும் கிடையாது. இனிமேல் புளி, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம்.

அடுத்து, புத்தகத்தில் இருப்பது வியாபாரி விற்கும் விலை. அவர் வாங்கும் விலை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கடை வாடகையும், காசு ஆறு மாதம் பெட்டியில் கிடக்கும் செலவும் அந்த இடைவெளியில்தான் அடங்குகின்றன.

ஆனால் ஒரு தரைவிலை உண்டு. அந்த ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் 91.7 சதவீதம் வெள்ளி. சுத்த வெள்ளியாக 10.69 கிராம். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உலோகமே 1,069 ரூபாய். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். நாலு வருடத்துக்கு முந்தைய கேட்லாக்கில் தேய்ந்த காசுக்குப் போட்டிருக்கும் விலை, இன்றைய வெள்ளி மதிப்பைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். அப்போது புத்தகத்தை மூடிவிட்டுத் தராசை எடுங்கள்.

என்னிடம் உள்ள ரூபாயில் 1840 என்று இருக்கிறது. 180 வருடத்துக்கு மேல் பழையது. ஆனால் அதைவிடப் புதிய சில காசுகளுக்குப் பல மடங்கு விலை போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா? (கோவை)

பிழையில்லை. வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கரூர், மதுரைப் பக்கம் கிடைத்த ரோமானியச் சிறு செப்புக் காசுகள் 1,600 வருடம் பழையவை. தேய்ந்ததாக இருந்தால் ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைக்கே கைமாறும்.

உங்கள் காசில் வேறொரு வேடிக்கையும் உண்டு. 1840 என்ற ஆண்டை மாற்றாமலேயே 1861 வரை அடித்தார்கள். அடுத்து 1862 என்று பொறித்ததையும் அதேபோல் பல வருடம் ஓட்டினார்கள். ஆகவே உங்கள் காசு 1855-இல் அடித்ததாகவும் இருக்கலாம். கேட்லாக்கில் 1840-க்கு இரண்டு பதிவுகள் இருக்கும். ‘விக்டோரியா குயீன்’ என்ற எழுத்து தலையைச் சுற்றித் தொடர்ச்சியாக இருந்தால் கேஎம் 457 (இது கேட்லாக்கில் அந்த வகைக்குக் கொடுத்திருக்கும் எண்). தலைக்கு இருபுறமும் பிரிந்து நின்றால் கேஎம் 458. முதலில் எது உங்களுடையது என்று பாருங்கள். தவறான வரியைப் பார்த்துவிட்டு விலையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள்தான் அதிகம்.

கேட்லாக்கில் டாலர் விலை இருக்கிறது. இன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கினால் போதுமா? (திருநெல்வேலி)

போதாது. கிரவுஸ், மிஷ்லர் இருவரும் தொடங்கிய அந்த உலகக் கேட்லாக் அமெரிக்கச் சந்தையை வைத்துப் பார்ப்பது. 1972-இல் முதல் பதிப்பு வந்தது. ‘கேஎம்’ எண் அவர்கள் பெயரின் முதலெழுத்துகள். நூறாண்டைத் தாண்டிய நாணயம் இந்தியச் சட்டப்படி தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அங்கே நூறு டாலர் என்றால் அது அங்கே உள்ள காசுக்கு. உங்கள் பீரோவில் உள்ளதற்கு இல்லை. சமஸ்தானக் காசுகள் பலவற்றுக்கு இங்கேதான் ஆர்வலர்கள் அதிகம், அதனால் இங்கே விலை ஏறி நிற்பதும் உண்டு.

ஒன்றுக்குத்தான் டாலர் பத்தி பயன்படும்: ஒப்பீடு. ஒரே வகையில் ஓர் ஆண்டு 20, இன்னோர் ஆண்டு 200 என்றிருந்தால், இரண்டாவதைப் பார்த்தால் விடாதீர்கள் என்று அர்த்தம். அந்த விகிதம் ரூபாயிலும் ஓரளவு நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு விலை இடத்தில் வெறும் கோடு இருக்கிறதே? (சென்னை)

அந்தத் தரத்தில் விலை சொல்லும் அளவுக்கு விற்பனை பதிவாகவில்லை என்பது பொருள். விலைமதிப்பற்றது என்றும் இல்லை, ஒன்றுக்கும் உதவாதது என்றும் இல்லை.

வயலில் உழும்போது செப்புக்காசு கிடைத்தது. ஒருபக்கம் நிற்கும் ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள். விலைப் பட்டியலில் எங்கே தேடுவது? (தஞ்சாவூர்)

உட்கார்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று இருந்தால் ராஜராஜ சோழன் காசு. பெயர் பெரிதென்றாலும் ஏராளமாகக் கிடைப்பது. சில நூறு ரூபாயைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் எழுத்தைக் கவனமாகப் படியுங்கள். இதே அமைப்பைப் பார்த்துப் பொலன்னறுவை மன்னர்களும் காசு அடித்தார்கள். அவற்றில் சில அரிதானவை.

தென்னிந்தியப் பழங்காசுகளுக்கு நாணய ஆய்வாளர் மிச்சினர் தொகுத்த நூல்களின் எண்ணைத்தான் வியாபாரிகள் சொல்வார்கள். அது அடையாளம் காண உதவும். விலைக்கு ஏல முடிவுகளைப் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், மண்ணில் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாக ஒரு வீடியோ சொல்கிறது. முன்பணம் கேட்கிறார்கள். (மதுரை)

பணம் கட்டாதீர்கள். விற்பவரிடம் முன்பணம் கேட்கிறவன் வாங்க வந்தவன் இல்லை. அது 2012-இல் புழக்கத்துக்கு விட்ட காசு. டீக்கடைச் சில்லறையிலும் வரும். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

1939 ஒரு ரூபாய் ஏலத்தில் பெரும் தொகைக்குப் போனதாகப் படித்தேன். எனக்கு ஒருவர் மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? (சேலம்)

ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் எல்லோரும் தேடுவது அதுதான். அதனாலேயே போலியும் அதிகம். 1938-இன் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கிவிடுவார்கள். எடை போட்டாலும் வெள்ளி சோதித்தாலும் பிடிபடாது. இரண்டு ஆண்டுக் காசும் ஒரே எடை, ஒரே வெள்ளி. கடைசி எண்ணைச் சுற்றியுள்ள தளத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கீறலோ பள்ளமோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லென்ஸில் தப்பினாலும், தரம் பார்க்கும் நிறுவனம் சோதித்துச் சான்றோடு மூடிக் கொடுத்த உறை இல்லாமல் நான் வாங்க மாட்டேன்.

ஏலத் தொகையைப் படிக்கும்போது, வாங்குபவரிடம் தனியாக வசூலிக்கும் கமிஷனும் ஜிஎஸ்டியும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு ஏலத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு பேர் ரோஷத்தில் ஏற்றிய விலை அடுத்த முறை வராது.

பழைய பதிப்பு கேட்லாக் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (புதுச்சேரி)

தாராளமாக. படமும் எண்ணும் எடையும் மாறப்போவதில்லை. நூற்றாண்டு வாரியாகத் தனித்தனித் தொகுதி என்பதை மட்டும் கவனியுங்கள். 1901-2000 தொகுதியை வாங்கிவிட்டு 1862 ரூபாயைத் தேடிக் களைத்தவர்கள் உண்டு. பிரிட்டிஷ் இந்தியா, சமஸ்தானங்கள், குடியரசு மூன்றும் தனித்தனித் தலைப்பில் இருக்கும். விலைப் பத்திக்குப் பக்கத்தில், நீங்கள் நேரில் பார்த்த விற்பனை விலையையும் தேதியையும் பென்சிலால் எழுதி வாருங்கள். என் பிரதியில் அச்சை விடப் பென்சில்தான் அதிகம்.