சேர்ந்து வாழப் போகிறவர்களின் கேள்விகள்

16 வருடங்களாக ஒரு கூட்டுக் குடியிருப்பில் வாழ்கிறேன். பொதுக் கணக்கும் கருவி அறையும் என் பொறுப்பு. சேர்ந்து வாழ நினைக்கும் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஆறு குடும்பங்கள், பல வருட நண்பர்கள். சேர்ந்து நிலம் வாங்கப் போகிறோம். முதலில் எதைப் பேசி முடிக்க வேண்டும்?

விலகிப் போகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதை. நல்ல காரியம் தொடங்கும்போது பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் மாதிரித் தோன்றும். ஆனால் எல்லோரும் சிரித்த முகமாக இருக்கும் நாளில்தான் அதை நியாயமாக எழுத முடியும். நாங்கள் எழுதவில்லை. நான்காம் வருடம் ஒரு குடும்பம் வேலை மாறிக் கிளம்பியது. போட்ட பணத்தைக் கேட்டார்கள். கேட்டதில் தப்பே இல்லை. கையில் இருந்ததோ கூரை மாற்றச் சேர்த்த பணம். அதை எடுத்துக் கொடுத்தோம். அந்த மழைக்காலம் முழுக்கப் பொதுக்கூடத்தில் ஒழுகும் இடங்களில் வாளி வைத்துவிட்டுத்தான் கூட்டம் நடத்தினோம். மீதியைத் தீர்க்க இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அவர்களோடு பேச்சே நின்றுபோனது. அந்த நட்பு போனது எனக்கு இன்னும் வலிக்கிறது. பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணை, எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: நிலம் யார் பெயரில் இருக்கலாம்?

தனி ஆள் பெயரில் வேண்டவே வேண்டாம், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஜெர்மனியில் மீட்ஸ்ஹோய்சர் சிண்டிகாட் என்ற அமைப்பின் முறை எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு வீடும் ஒரு தனி நிறுவனத்தின் சொத்து. அந்த நிறுவனத்துக்குப் பங்குதாரர்கள் இரண்டே பேர்: குடியிருப்போர் சங்கமும் சிண்டிகாட்டும். சிண்டிகாட் சம்மதிக்காமல் வீட்டை விற்க முடியாது. விலை ஏறியதும் விற்றுப் பிரித்துக்கொள்ளும் ஆசைக்கு அங்கே வழியில்லை.

ஆனால் சட்ட அமைப்பு மட்டும் போதாது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1969-இல் தொடங்கிய நியூ கம்யூனிட்டிஸ் என்ற கூட்டு விவசாய அமைப்பு, நிலத்தை அறக்கட்டளை முறையில் வைத்திருந்தது. வறட்சி வந்தது, கடனுதவி மறுக்கப்பட்டது. 1985-இல் நிலமே கைவிட்டுப் போனது. சேமநிதிக்கு முதல் மாதத்திலிருந்தே ஒதுக்குங்கள்.

கேள்வி: சிலர் ஓடி ஓடி வேலை செய்கிறார்கள், சிலர் கண்டுகொள்வதே இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் சோம்பேறித்தனம் காரணம் இல்லை. எந்த வேலை கணக்கில் வருகிறது என்பதுதான் தகராறு. வேலி கட்டியவரை எல்லோரும் பாராட்டுவார்கள், வடிகால் சுத்தம் செய்தவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967 முதல் இயங்கும் ட்வின் ஓக்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்பில், வாரத்துக்குச் சுமார் 42 மணி நேரம் ஒவ்வொருவரும் வேலைக் கணக்கில் காட்ட வேண்டும். சம்பாதிக்கும் வேலை, சமையல், குழந்தை பார்ப்பது, எதுவானாலும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான். 42 என்ற எண் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், அந்தச் சமத்துவம் பொருந்தும். ஒரு மாதம் எல்லோரும் செய்த வேலையை எழுதிப் பாருங்கள். பாதிச் சண்டை அப்போதே அடங்கிவிடும்.

கேள்வி: பொதுக் கருவிகள் தொலைந்துகொண்டே இருக்கின்றன. அபராதம் போடலாமா?

எடுத்த எடுப்பில் வேண்டாம். பொது வளங்களைப் பற்றி ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீண்ட நாள் நிலைத்த குழுக்களில் கண்டது இது: தண்டனை சிறியதாகத் தொடங்கிப் படிப்படியாகத்தான் கூடும், கண்காணிப்பதும் பயன்படுத்துபவர்களே, அல்லது அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

எங்களிடம் ட்ரில் மெஷின் திரும்பி வரும், அதன் பிட்டை இறுக்கும் சாவி வராது. கடைசியில் சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வெள்ளைப் பெயிண்டில் வரைந்தோம். எடுப்பவர் அந்த வெற்று உருவத்துக்குள் சாக்பீஸால் பெயர் எழுத வேண்டும். சுத்தியலின் உருவத்துக்குள் தன் பெயர் மூன்று நாளாக இருப்பதைப் பார்த்தால் ஆளே கொண்டுவந்து மாட்டிவிடுவார். நான் யாரையும் கேட்க வேண்டியதே இல்லை.

கேள்வி: எத்தனை பேர் வரை சேர்க்கலாம்?

ஹட்டரைட் என்பவர்கள் வட அமெரிக்காவில் சொத்தைப் பொதுவாக வைத்து வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். அவர்கள் தங்கள் குடியிருப்பு சுமார் 150 பேரை நெருங்கும்போது இரண்டாகப் பிரிந்து புது இடம் அமைக்கிறார்கள். முதலில் கேட்டவர்களைப் போல ஆறு குடும்பம்தான் என்றால், இப்போதைக்கு இந்தக் கவலை வேண்டாம்.

கேள்வி: எல்லாச் சொத்தும் பொதுவாக இருந்தால்தான் உண்மையான கூட்டு வாழ்க்கையா?

இல்லை. டென்மார்க்கில் 1972-இல் உருவான செட்டெடாமன் என்ற குடியிருப்பில் அவரவர் வீடு அவரவருக்கு, பொது வீடு எல்லோருக்கும். இன்றும் நடக்கிறது. முதலில் சமையலறை, கருவி அறை, வண்டி போன்றவற்றைப் பகிர்ந்து பாருங்கள். அப்புறம் வருமானத்தைப் பேசலாம்.

கேள்வி: புதிதாக வருபவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பேட்டி எடுத்து ஆளைப் புரிந்துகொள்ள முடியாது. ட்வின் ஓக்ஸில் மூன்று வாரம் விருந்தினராகத் தங்கச் சொல்கிறார்கள், பிறகு ஆறு மாதம் தற்காலிக உறுப்பினர். நாங்களும் மூன்று வாரம் தங்கச் சொல்கிறோம். வந்த மறுநாளே பாத்திரம் கழுவும் முறைப்பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துவிடுவோம், துணைக்கு ஒருவரைப் போட்டு. அரைமணி நேரம் பக்கத்தில் நின்று தேய்த்தவர் வந்து சொல்வதைத்தான் நான் முதலில் கேட்பேன்.