6 அடி மீன்தொட்டிக்கு மணிக்கு 3000 லிட்டர் ஃபில்டர் போதுமா?

கும்பகோணத்தில் வீட்டுக் கூடத்தில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி வைத்து நான்கு ஆஸ்கர் விடப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். 3000 லிட்டர் பம்ப் போதாது. உங்கள் தொட்டி விளிம்பு வரை 680 லிட்டர் பிடிக்கும். ஆஸ்கர் நிறையத் தின்று நிறையக் கழியும் மீன், அதனால் மணிக்கு ஐந்து தடவையாவது தண்ணீர் ஃபில்டரைச் சுற்றி வர வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு தண்ணீர் மேலே ஏறாதபோது கிடைப்பது. நான்கடி ஏறினால் நன்றாகவே குறையும். 5000 லிட்டர் பம்ப்பாகப் பாருங்கள்.

ஆனால் நம் பக்கத்தில் ஃபில்டரைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டியது, கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைத்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் மன்னார்குடி வீட்டில் ஆறு நாள் கரண்ட் இல்லை. அம்மாவும் நானும் முறை வைத்து, சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். தீனியை அடியோடு நிறுத்திவிட்டோம். மீன்கள் எல்லாம் பிழைத்தன. ஏழாம் நாள் காலை கரண்ட் வந்ததும் சந்தோஷத்தில் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடின டப்பா ஃபில்டர்) சுவிட்சைப் போட்டேன். அழுகின முட்டை நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு ஆஸ்கர் போய்விட்டன. மூடின டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா செத்து அழுகியிருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டுப் போட்டிருந்தால் அவை இருந்திருக்கும். இன்றைக்கும் அது மனசை விட்டுப் போகவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது சம்ப்தான். தொட்டிக்குக் கீழே திறந்த கண்ணாடிப் பெட்டி, குறைந்தது 200 லிட்டர். அதை முழுக்க நிரப்பாதீர்கள். கரண்ட் போனதும் மேல்தொட்டித் தண்ணீர் ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கு, அதாவது தண்ணீர் வழிந்து கீழே போகும் வாயின் மட்டத்துக்கு, இறங்கி சம்ப்புக்கு வரும். உங்கள் தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினால் 28 லிட்டர், இரண்டு அங்குலத்துக்கு 56. அந்த இடம் சம்ப்பில் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் மேலே ஏறும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன ஓட்டை போட்டால் தண்ணீர் திரும்ப உறிஞ்சி இறங்காது. மீன் விடுவதற்கு முன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, சம்ப் வழிகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

பெரிய பம்ப்பை இன்வெர்ட்டரில் மாட்டினால் பேட்டரி சீக்கிரம் காலியாகும். 5 வாட் ஏர் பம்ப் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். அதன் குழாய் முனையில் மாட்டும் காற்றுக் கல் ஒன்று தொட்டியில், ஒன்று சம்ப்பில். ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும். சித்திரை, வைகாசியில் இது இன்னும் முக்கியம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர் 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும்.

உள்ளே போடுவதற்கு விலை உயர்ந்த சாமான் வேண்டாம். முதலில் பஞ்சு, அப்புறம் பாத்திரம் தேய்க்கும் நைலான் நார் உருண்டைகள், கடைசியில் செராமிக் வளையம். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியா குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அம்மோனியாவும், அதைப் பாக்டீரியா மாற்றும்போது வரும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்ததை டெஸ்ட் கிட்டில் பார்த்த பிறகு மீனை விடுங்கள். அவ்வளவு நாள் பொறுக்க முடியாதென்றால் மன்னார்குடி பக்கம் வாருங்கள். என் சம்ப்பில் ஊறிக்கிடக்கும் பஞ்சில் பாதியை வெட்டி, அதே தண்ணீரோடு வாளியில் போட்டுத் தருகிறேன். வாளியை மூடாமல், அன்றைக்கே கொண்டுபோய் உங்கள் சம்ப்பில் போட்டுவிடுங்கள்.