காளான் அறையில் நாற்றமா? ஓசோன் மிஷினுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரையில், வீட்டின் பின்கட்டில் 20 அடிக்கு 10 அடி கான்கிரீட் அறையில் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். சாரல் தொடங்கியதிலிருந்து அறையில் புளித்த நாற்றம். பக்கத்து வீட்டார் ஊராட்சியில் புகார் கொடுத்துவிட்டார்கள். மாமனாருக்கு இருமல் விடவில்லை. காளானை எடுத்துக்கொள்ளும் புனலூர்க் கடைக்காரர்களும் ‘காம்பு நீளம், குடை சிறுசு’ என்று விலையைக் குறைக்கிறார்கள். உபகரணம் விற்கும் ஒருவர் கார்பன் ஃபில்டர், ஓசோன் மிஷின், 18 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்றும் சேர்த்து 48,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். பாதிப் பணம் முன்னால் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் சகோதரி. உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, மூன்று. நாற்றம் வேறு, காம்பு நீள்வது வேறு, மாமனாரின் இருமல் வேறு. மூன்றுக்கும் ஒரே மிஷின் என்று யார் சொன்னாலும் அவருக்குக் காளான் தெரியாது, விற்கத் தெரியும்.

முதலில் நாற்றம். நன்றாக இருக்கும் காளான் அறை நாறாது. மழை பெய்த தோட்டத்து மண் வாசனையும் பச்சைக் காளான் வாசனையும் லேசாக இருக்கும், அவ்வளவுதான். புளித்த நாற்றம் வந்தால் எங்கேயோ ஏதோ அழுகுகிறது என்று பொருள். காற்றைச் சுத்தம் பண்ணி அதைத் தீர்க்க முடியாது. அழுகுவதைக் கண்டுபிடித்து வெளியே எடுக்க வேண்டும்.

தேட வேண்டிய முதல் இடம் அறைக்கு வெளியே இருக்கிறது. வைக்கோல் ஊறவைத்த தண்ணீரை என்ன செய்கிறீர்கள்? தேயிலைச் சாயம் போல இருக்கும் அந்தத் தண்ணீர் ஒரு நாள் நின்றாலே நொதித்துவிடும். அதைச் சாக்கடையில் விட்டு, சாக்கடை ஓடாமல் நின்றால், பக்கத்து வீட்டாருக்கு அடிக்கிற நாற்றம் அதுதான். அதே தண்ணீரில் இரண்டாவது, மூன்றாவது கட்டு வைக்கோலையும் ஊறவைப்பவர்கள் நிறைய. அப்போது நாற்றத்தை நீங்களே வைக்கோலில் ஏற்றி, படுக்கைக்குள், அதாவது வைக்கோலும் காளான் விதையும் அடுக்கிய பாலித்தீன் பைக்குள், வைத்துக் கட்டுகிறீர்கள். 4 முதல் 5 மணி நேரம் ஊறினால் போதும், ராத்திரி முழுக்க வேண்டாம். தண்ணீரை அன்றன்றே தென்னை மூட்டில் ஊற்றிவிடுங்கள், மூட்டுக்கு மூடு மாற்றி. வைக்கோலில் உள்ள கிருமியைக் கொல்ல ஃபார்மலின், கார்பன்டாசிம் கலந்த மருந்துத் தண்ணீர் என்றால் அப்படி ஊற்றக் கூடாது. கிணறு பக்கத்தில் உள்ள வீட்டில் அந்த முறையே வேண்டாம், வெந்நீரில் வேகவைப்பதே நல்லது.

இரண்டாவது, அறுவடை முடிந்த படுக்கைகள். அறைக்குப் பின்னால் பாலித்தீன் பையோடு குவித்து வைத்திருப்பீர்கள். பையைக் கிழித்து வைக்கோலை வெளியே எடுங்கள். குழியில் ஒரு அடுக்கு வைக்கோல், அதை மூடும் அளவு மண் என்று மாற்றி மாற்றிப் போட்டால் நாற்றமும் வராது, ஈயும் வராது, உரமும் ஆகிவிடும்.

அப்புறம்தான் அறைக்குள் போக வேண்டும். ஒவ்வொரு படுக்கையின் அடியையும் கையால் தூக்கிப் பாருங்கள். பையின் மூலையில் மஞ்சளாகத் தண்ணீர் தேங்கியிருந்தால் நாற்றம் அங்கேதான் பிறக்கிறது. சுத்தமான ஊசியால் அந்த மூலையில் குத்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். வைக்கோல் கறுத்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தால் அந்தப் படுக்கையைக் காப்பாற்ற முடியாது, தூக்கிக் குழியில் போடுங்கள். பச்சைப் பூஞ்சை பாதிக்கு மேல் பிடித்ததற்கும் அதேதான், அறைக்குள் வைத்துப் பிரிக்காமல் பையோடு வெளியே கொண்டுபோய்ப் பிரியுங்கள். அடுத்த முறை படுக்கை போடும் முன் ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஒரு சொட்டுகூட விழக் கூடாது. சாரல் காலத்தில் வைக்கோல் நிழலில் உலரவே உலராது. அவசரப்பட்டு ஈரத்தோடு கட்டிவிடுகிறார்கள், பத்தாம் நாள் புளிப்பு ஏறுகிறது.

நாற்றத்துக்கு இன்னொரு காரணம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. பழைய விதை. காளான் விதை என்பது காளானின் வெள்ளை இழை, அதாவது பூஞ்சாணம், படர்ந்த தானியம். விதை வீரியமாக இருந்தால் பூஞ்சாணம் வைக்கோலைச் சீக்கிரம் வெள்ளையாகப் பிடித்துவிடும். விதை சோர்ந்திருந்தால் அந்த இடைவெளியில் பாக்டீரியா வைக்கோலைப் பிடித்துக்கொள்ளும், அதன் வாசனைதான் புளிப்பு. விதையை 15 முதல் 18 நாள் வயதில் போடுவது நல்லது. உங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது? எங்கோ தயாரித்த விதைப் பை வெயிலில், பஸ்ஸின் மேலே, இரண்டு தரகர் கை மாறி வந்து சேர்கிறது. பையில் தேதி இருக்காது. கேட்டால் “நேத்து போட்டதுதான் அக்கா” என்பார்கள். பைக்குள் மஞ்சள் நீர் கசிந்திருந்தாலோ, திறந்தவுடன் புளிப்பு வாடை வந்தாலோ, தானியம் முழுக்க வெள்ளை படராமல் இருந்தாலோ திருப்பிக் கொடுங்கள். தயாரித்த தேதி எழுதாத விதையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

“எங்களிடம் விதை வாங்கினால் காளானை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்” என்ற ஒப்பந்தம் இதைவிட மோசம். முதல் இரண்டு தடவை எடுப்பார்கள். விதைக்கும் பயிற்சிக்கும் பணம் வாங்கி முடித்ததும் தரம் சரியில்லை என்று நிறுத்திவிடுவார்கள். காளான் மறுநாளே வாடும் பொருள், அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நியாயம் கேட்பது? உங்களுக்குப் புனலூரில் நேரடியாகக் கடை இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

இனி அந்த கொட்டேஷன். கார்பன் ஃபில்டர் வாசனைப் பொருள்களைப் பிடிக்கும், உண்மைதான். வெளிநாடுகளில் அடைத்த கூடாரத்துக்குள் மணமுள்ள செடி வளர்ப்பவர்கள் மாட்டுவது அது. உங்கள் அறையில் ஈரப்பதம் 80, 85 சதவீதம் இருக்க வேண்டும். அந்த ஈரத்தில் கரித்துகளின் நுண்துளைகளைத் தண்ணீரே அடைத்துக்கொள்ளும். முக்கியமாக, காம்பை நீட்டுகிற கரியமில வாயுவை அது பிடிக்கவே பிடிக்காது. ஓசோன் மிஷின் விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன்: வீட்டோடு ஒட்டிய அறையில் வைக்கக் கூடாது. நாற்றத்தையும் பூஞ்சையையும் அடக்கும் அளவுக்கு ஓசோன் விட்டால் அது நுரையீரலைப் புண்ணாக்கும். நுரையீரலுக்குக் கெடுதல் இல்லாத அளவுக்கு விட்டால் நாற்றத்தை ஒன்றும் செய்யாது. இருமுகிற பெரியவர் உள்ள வீட்டுக்கு இதை விற்க எப்படித்தான் மனம் வருகிறதோ தெரியவில்லை. பினாயில், ஊதுபத்தி, கற்பூரம் எல்லாம் நாற்றத்தின் மேல் இன்னொரு வாசனையைப் பூசுவதுதான், காளானிலும் அந்த வாடை ஏறும். தரையைக் கழுவ பிளீச்சிங் பவுடர் போதும். அதோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

காம்பு நீளத்துக்கு வருவோம். காளானும் நம்மைப் போலவே மூச்சு விட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. அறை அடைத்திருந்தால் அது தேங்கி, காம்பு நீண்டு குடை விரியாமல் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம், காம்பைப் பார்த்தாலே தெரியும். காற்று அதிகமாகி ஈரம் குறைந்தால் எதிர்ப்பக்கம் தெரியும்: மொட்டு பழுப்பாகிக் காயும், குடையின் ஓரம் வெடிக்கும்.

உங்கள் அறை 9 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 1,800 கன அடி, கிட்டத்தட்ட 51 கன மீட்டர். மொட்டு வரும் நாட்களில் அறைக் காற்று மணிக்கு 5, 6 தடவை மாறினால் போதும், அதாவது மணிக்கு சுமார் 300 கன மீட்டர். ஃபேன் பெட்டியின் மேலேயே இந்த எண் அச்சிட்டிருக்கும், கேட்டு வாங்குங்கள். வலை கொஞ்சம் காற்றைத் தடுக்கும் என்பதால் 9 அங்குல ஃபேன் வாங்கி, டைமர் போட்டு விட்டுவிட்டு ஓட்டலாம். 18 அங்குல ஃபேன் பட்டறைக்கும் கோழிப் பண்ணைக்கும் உரியது. அது ஒரு நிமிடத்தில் உங்கள் அறையின் காற்று முழுவதையும் வெளியே தள்ளி, மொட்டுகளைக் காயவைத்துவிடும்.

ஃபேனைவிட முக்கியம் காற்று உள்ளே வரும் வழி. கதவு ஜன்னலை அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் போட்டால் அது சும்மா சுற்றும், கரண்ட் பில் மட்டும் ஏறும். புளியரையில் சாரல் காற்று மேற்கே கணவாயிலிருந்து அடிக்கிறது. ஃபேனை மேற்குச் சுவரில் வைத்தால் வெளிக்காற்று அதை எதிர்த்துத் தள்ளும். கிழக்குச் சுவரில் ஃபேன், மேற்குச் சுவரில் காற்று வழி, ஒன்று தாழ்வாக, ஒன்று உயரமாக. மேற்கு வழிக்குச் சாரல் அடிக்காதபடி சாய்வாக ஒரு தகரம். இரண்டு வாய்க்கும் 40 மெஷ் பூச்சி வலை. வலையைத் துளையின் அளவுக்கே அடிக்காமல், துளையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய சட்டமாக அடித்தால் காற்று தடைபடாது. முடிந்ததும் ஒரு ஊதுபத்தியைக் காற்று வழியில் பிடித்துப் பாருங்கள், புகை உள்ளே போக வேண்டும். பங்குனி, சித்திரை வறட்சியில் அந்த வழியில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். சாரலில் வேண்டாம், வெளிக்காற்றே ஈரம்.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு நஷ்டப்பட்டவர்கள் அதிகம் என்பதால் நிறுத்திச் சொல்கிறேன். விதை போட்டுப் பூஞ்சாணம் பரவுகிற முதல் 15 முதல் 20 நாட்களுக்கு இந்தக் காற்றோட்டமே வேண்டாம். அந்தக் கட்டத்தில் கரியமில வாயு 20 சதவீதம் வரை போனாலும் சிப்பிக் காளான் தாங்கும், அதற்குக் கெடுதல் இல்லை. நீங்கள் கதவைத் திறந்து ஃபேன் போட்டால் உள்ளே வருவது காளான் ஈயும் பச்சைப் பூஞ்சையின் கண்ணுக்குத் தெரியாத வித்தும்தான். ‘காற்றோட்டம் நல்லது’ என்று பயிற்சியில் கேட்டுவிட்டு எல்லாப் படுக்கைக்கும் ஃபேன் போட்டு மொத்தத்தையும் இழந்தவர்கள் உண்டு. உங்களிடம் இருப்பது ஒரே அறை. அறையின் நீளத்தில் உட்பக்கம் 8 அடி விட்டு, தரை முதல் கூரை வரை சில்பாலின் (தடித்த பிளாஸ்டிக் தார்ப்பாய்) திரை போட்டு இரண்டாகப் பிரியுங்கள். உட்பக்கம் இருட்டு, பரவும் படுக்கைகள். வெளிப்பக்கம் வெளிச்சம், ஃபேன், காற்று வழி, மொட்டு விடும் படுக்கைகள். இடம் குறைவதால் டைமரில் ஃபேன் ஓடும் நேரத்தையும் குறையுங்கள். உட்பக்கத்தில் படுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். பரவும்போது படுக்கை தானாகவே சூடாகும், அடுக்கினால் அந்தச் சூட்டிலேயே விதை செத்துப் புளிக்கும். வேலையை எப்போதும் உட்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கத்தில் முடியுங்கள். மொட்டு அறைக்குப் போய்விட்டு அதே கையோடு உள்ளே வரக் கூடாது.

மாமனாரின் இருமலைச் சாரல் சளி என்று விட்டுவிடாதீர்கள். விரிந்த சிப்பிக் காளான் லட்சக்கணக்கில் வித்துகளை உதிர்க்கும். கறுப்புத் துணியைத் தரையில் விரித்து வைத்தால் காலையில் வெள்ளை மாவு படிந்திருப்பதைப் பார்க்கலாம். அதைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும். அறையில் வேலை பார்த்துச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், மூச்சு முட்டல் வந்தால் அதன் அடையாளம். அவரை இன்றோடு அந்த அறைக்குள் விடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது ‘வீட்டில் காளான் வளர்க்கிறோம்’ என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவரும் கேட்காமல் நீங்களும் சொல்லாவிட்டால் நிமோனியா என்றோ வைரஸ் என்றோ மருந்து மாறிக்கொண்டே இருக்கும். குடையின் ஓரம் மெலிந்து மேலே சுருளும் முன் பறித்துவிடுங்கள், வித்து குறையும், கடையில் விலையும் கூடும். நீங்கள் உள்ளே போகும்போது என்95 முகக்கவசம். முந்தானையும் துண்டும் இந்த வித்தைத் தடுக்காது. வீட்டுக்குள் திறக்கும் கதவை அடைத்து, வெளிவழியாகப் போய் வாருங்கள்.

ஊராட்சிப் புகார் பற்றி. நோட்டீஸ் கொடுப்பார்கள், எதனால் நாறுகிறது என்று பார்க்க ஒருவரும் வரமாட்டார். வேளாண்மைத் துறையிடம் கேட்டால் தோட்டக்கலை என்பார்கள், அங்கே கேட்டால் ஊராட்சி என்பார்கள். பயிற்சி முகாமில் படுக்கை கட்டுவதைக் காட்டிச் சான்றிதழ் கொடுக்கிறார்கள், கழிவுத் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. மானியக் கோப்புக்கு கொட்டேஷன் வேண்டும் என்கிறார்கள். குழிக்கும் ஈரச் சாக்குக்கும் யார் கொட்டேஷன் தருவார்கள்? அதனால்தான் மிஷின் விற்பவர்களே மானியத் தரகர்களாகவும் அலைகிறார்கள். கோபமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது பக்கத்து வீட்டாரின் சம்மதம். தண்ணீரையும் குவியலையும் இந்த வாரமே சரிசெய்துவிட்டு, அவர்களைக் கூப்பிட்டுக் குழியைக் காட்டுங்கள். செய்ததைப் படம் எடுத்து, ஒரு பக்கக் கடிதமாக ஊராட்சியில் கொடுத்து, முத்திரை வைத்த நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பார்த்தால் ஃபேன், டைமர், வலை, சில்பாலின், தகரம், முகக்கவசம் இவ்வளவுதான். அந்த கொட்டேஷனில் ஒரு பகுதிதான் வரும். ஃபேனை மாட்டிய பிறகு வருகிற முதல் காய்ப்பில் காம்பு குறையவில்லை என்றால், டைமரில் ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். குடை ஓரம் காய்ந்தால் குறையுங்கள்.