பயில்வான் வக்கீலாகலாமா? கேள்வி பதில்

(மல்யுத்தம் பழகும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, குஸ்தி பழகி வக்கீலான மதுரைக்காரர் ஒருவரின் பதில்கள்.)

செல்லூர், ஒரு தாய்: மகன் பிளஸ் டூ படிக்கிறான், மாநில அளவில் மெடல் வாங்கியவன். சட்டம் படித்தால் குஸ்தி என்னாகும்?

மதுரை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. கிளாட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டாம். சிக்கல் வருகைப் பதிவில்தான் அம்மா. வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி 70 சதவீதம் கேட்கிறது. கேம்ப், போட்டி என்று அடுக்கினால் அது கரைந்துவிடும். அஞ்சல் வழியில் படித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. செமஸ்டர் தேதிகளைப் பார்த்துவிட்டுப் போட்டிகளைத் தேர்ந்தெடுக்கட்டும்.

திருமங்கலம்: அண்ணே, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை. சட்டமும் முடித்துவிட்டேன். லீவு நாளில் கோர்ட்டுக்குப் போகலாமா?

கூடாது தம்பி. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி இடம் தராது. பட்டம் வேறு, தொழில் வேறு. அமெரிக்க அரசியல்வாதி ஜிம் ஜோர்டான் 1985, 1986 இரண்டு ஆண்டும் கல்லூரி மல்யுத்தத்தில் தேசிய சாம்பியன். 2001இல் சட்டப் பட்டமும் வாங்கினார், ஆனால் வக்கீலாவதற்கான பார் தேர்வே எழுதவில்லை.

அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதீர்கள். மதுரையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது தரவேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொன்னது. சொன்னது அவ்வளவு, கையில் எவ்வளவு வருகிறது என்று நாலு ஜூனியர்களிடம் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

உசிலம்பட்டி: குஸ்தியில் காது தடித்துப்போச்சு. ஜட்ஜ் என்ன நினைப்பார்?

ஒன்றும் நினைக்க மாட்டார். வாய்தா கேட்காமல் இருந்தால் சந்தோஷப்படுவார்.

மேலூர், கல்லூரி மாணவர்: நிஜமாகவே மல்லுக்கட்டி வக்கீலாகிப் பேர் வாங்கியவர் உண்டா சார்?

ஆபிரகாம் லிங்கன். 1831இல் இல்லினாய் மாநிலத்து நியூ சேலத்தில், ஊர்ச் சண்டியர் ஜாக் ஆர்ம்ஸ்ட்ராங்கோடு மோதினார். ஜெயித்தது யார் என்பதில் ஆளுக்கொரு கதை. இருவரும் நண்பர்களானது மட்டும் நிச்சயம். லிங்கன் 1836இல் வக்கீல் உரிமம் வாங்கினார்.

எனக்குப் பிடித்தது 1858இல் நடந்தது. ஜாக் இறந்துவிட்டார், அவர் மகன் டஃப் மீது கொலை வழக்கு. தாய் ஹன்னாவுக்காக லிங்கன் ஆஜரானார். ராத்திரி நிலா வெளிச்சத்தில் அடித்ததைப் பார்த்தேன் என்றார் சாட்சி. லிங்கன் மறுக்கவில்லை. நிலா வெளிச்சமா, நன்றாகத் தெரிந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டு, சாட்சி வாயாலேயே அதை உறுதியாக்கிக்கொண்டார். அப்புறம்தான் பஞ்சாங்கத்தை எடுத்தார். அந்த நேரத்தில் நிலா அடிவானத்தில் மறையப்போகிறது! பிடி இறுகும்வரை புரட்டவில்லை பாருங்கள். டஃப் விடுதலை, ஃபீஸும் வாங்கவில்லை. குறுக்கு விசாரணை பழகும் ஜூனியருக்கு நான் சொல்லும் முதல் கதை இது.

அலங்காநல்லூர், மல்யுத்த வீராங்கனை: வினேஷ் போகத் வழக்கைப் பார்த்ததிலிருந்து விளையாட்டுச் சட்டத்தில் ஆசை. மதுரையில் பிழைக்க முடியுமா?

ஆசை நல்லதும்மா. 2024 பாரிஸில் 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடியதால் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். மூத்த வக்கீல் ஹரீஷ் சால்வே வாதாடியும் விளையாட்டு நடுவர் மன்றம் ஆகஸ்ட் 14 அன்று மனுவைத் தள்ளியது. முதல் நாள் எடை சரியாக இருந்தாலும் இரண்டாம் நாள் தவறினால் கடைசி இடம்தான் என்று விதி தெளிவாக இருந்தது. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்து ஓடியும் எடை இறங்காத வேதனை உங்களுக்குத் தெரியும். ஆனால் மன்றம் பார்ப்பது விதி வாசகத்தை.

இங்கே அதை மட்டும் நம்பி ஆபீஸ் வாடகை கட்ட முடியாது. விபத்து இழப்பீடு, சிவில் என்று கை நிறைய வழக்கு பழகுங்கள். அணித் தேர்வில் அநியாயம் என்று ரிட் போட ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளை 2004 முதல் இருக்கிறது. மெட்ராஸுக்கு பஸ் ஏற வேண்டாம். ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் 2022ஐ இப்போதே வாங்கிப் படித்துவையுங்கள், சின்னச் சட்டம்தான்.