தடவி டைப் பண்ண எந்த கீபோர்டு?

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகர் கேக்கறார்: வலது கட்டைவிரல் வலிக்குது, தட்டித்தட்டி டைப் பண்ண முடியல, விரலை எடுக்காம இழுத்தே எழுதற கீபோர்டுல எது நல்லது, தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் எழுதுவேன்.

சார், முதல்ல ஒண்ணு, இது நீங்க தொடுற எழுத்தை படிக்கிறதில்ல, விரல் போன கோட்டோட வடிவத்தை டிக்‌ஷனரில இருக்கற வார்த்தைகளோட ஒப்பிட்டு எது பொருந்துதுன்னு ஊகிக்குது. மேல் வரிசைல பி-ல இருந்து டி-க்கு நேரா இழுத்துப் பாருங்க, பாட் (pot), பிட் (pit), புட் (put) மூணுக்குமே அதே கோடுதான், நடுவுல இருக்கற ஓ, ஐ, யூ எல்லாமே அந்த வழியிலயே வருது, முன்னாடி எழுதின வார்த்தையை வெச்சுத்தான் எதுன்னு முடிவு பண்ணும். அதனால டிக்‌ஷனரில இல்லாதது வரவே வராது, இங்கிலீஷ் கீபோர்டுல "நாளைக்கு"ன்னு இழுத்தா ஏதோ ஒரு உளறல்தான் வரும்!

உங்களுக்கு கூகுளோட ஜிபோர்டு போதும். அதுல தமிழை சேர்க்கறப்போ ஏபிசி-ல அடிச்சா தமிழாகற லேஅவுட்டை எடுங்க, இங்கிலீஷையும் சேர்த்துக்கிட்டா குளோப் பட்டன்ல மாத்திக்கலாம். தமிழ் எழுத்து லேஅவுட்டும் இருக்கு, ஆனா அத்தனை எழுத்தும் சின்னச்சின்ன கட்டத்துல நெருக்கிக்கிட்டு நிக்கும், வலிக்கிற விரலுக்கு வேணாம். "வந்துட்டாங்களாம்" மாதிரி ஒட்டிக்கிட்டே போற வார்த்தைதான் தமிழ்ல பெரிய தலைவலி, எல்லா வடிவத்தையும் எந்த டிக்‌ஷனரிலயும் அடைக்க முடியாது, அதை ஒரு தடவை தட்டி அடிச்சிருங்க, நீங்க அடிக்கறதைப் பாத்து போகப்போக பழகிக்கும். பேக்ஸ்பேஸ்ல இருந்து இடதுபக்கம் இழுத்தா வார்த்தை வார்த்தையா அழியும், ஸ்பேஸ்பார்ல இழுத்தா கர்சர் நகரும், கட்டைவிரலுக்கு இது ரெண்டும் பெரிய ஆறுதல்.

ஸ்விஃப்ட்கீயும் நல்லதுதான், மைக்ரோசாஃப்ட் 2016-ல வாங்கினது, ஆண்ட்ராய்டுல ஒரே நேரத்துல அஞ்சு மொழி வரைக்கும் வெச்சுக்கலாம். ஸ்வைப்னு பேரே இருந்த ஒரிஜினல் ஆப்பை 2018-லயே நிறுத்திட்டாங்க, பழைய லிஸ்ட்டைப் பாத்து அதைத் தேடாதீங்க. கலர்கலரா தீம் காட்டற ஊர்பேர் தெரியாத கீபோர்டு எதையும் போட்டுறாதீங்க, நீங்க அடிக்கற அத்தனையும் அது வழியாத்தான் போகுது.

பாஸ்வேர்டு கட்டத்துல மட்டும் இழுத்தா ஒண்ணும் வராது, கீபோர்டு போச்சுன்னு பயந்து அன்இன்ஸ்டால் பண்ணிறாதீங்க, அங்க மட்டும் தட்டித்தான் ஆகணும்.